தட்டிக்கொடுக்க ஆளில்லாத பள்ளியில் வேலை பார்ப்பது

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். எட்டு முதல் பத்து வரை என் வகுப்புகள். எங்கள் பக்கம் லாரி, போர் போடும் ரிக் வண்டி, கோழிப்பண்ணைக்கு அடுத்தபடியாகப் பேர்போன தொழில் பள்ளிக்கூடம்தான். தூர மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போவார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஃப்ளெக்ஸ். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் அடிப்பவர்களுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. அதில் ஏறுகிற ஒவ்வொரு சென்டமும் யாரோ ஒரு டீச்சரின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டு வந்ததுதான்.

ஆசிரியர்களின் மனஅழுத்தம் பற்றி எதைப் படித்தாலும் தியானம் செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள், பிரின்சிபாலிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்று முடிகிறது. மனம்விட்டுப் பேசினால் அது மறுநாள் ஸ்டாஃப் மீட்டிங்கில் பேர் சொல்லாமல் எல்லோருக்கும் வாசிக்கப்படும் பள்ளிகளும் இருக்கின்றன. நான் இருந்தது அப்படிப்பட்ட இடம். அங்கே தாக்குப்பிடிக்க எனக்கு எது உதவியது, எது உதவவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் நாள் காலை 8.15-க்குத் தம்ப் வைப்பதில் தொடங்கும். மூன்று நாள் லேட்டானால் அரை நாள் சம்பளம் போச்சு. எட்டு பீரியடில் டைம்டேபிள்படி எனக்கு ஏழு. மிச்சமிருக்கும் அந்த ஒன்றுக்கும் காலையிலேயே ஆயா அம்மா சப்ஸ்டிடியூஷன் நோட்டோடு வந்து நிற்பார். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் டூட்டி. பத்தாம் வகுப்புக்கு மாலை பெல் அடித்த பிறகும் 5.45 வரை ஸ்டடி. வேன் கிளம்பும்வரை கேட்டில் நிற்கணும். வீட்டுக்கு வந்து குக்கர் வைக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் 'நாளைக்குள் ஒன்பதாம் வகுப்பு மார்க் என்ட்ரி முடிய வேண்டும்' என்று வரும். கீழே வரிசையாக எல்லோரும் 'ஓகே மேடம்' போட்டாக வேண்டும். போடாதவர் யார் என்று மறுநாள் விசாரணை நடக்கும்.

இதெல்லாம் தனியார் பள்ளியில் சகஜம் என்பார்கள். வேலைப் பளு சகஜம்தான். என்னைச் சாய்த்தது அது இல்லை. மார்க் ரிவியூ என்று மாதம் ஒரு மீட்டிங் நடக்கும். புரொஜெக்டரில் ஒவ்வொரு டீச்சரின் சப்ஜெக்ட் ஆவரேஜும் கலர் கலராக ஓடும். கீழே இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். தாளாளர் வந்திருந்தால் இன்னும் விசேஷம். முப்பது வயதைத் தாண்டிய, வீட்டில் பிள்ளை பெற்று வைத்திருக்கும் பெண்களும், தலை நரைத்த தமிழய்யாவும், பெஞ்சின் மேல் ஏற்றப்பட்ட பிள்ளைகளைப் போல நிற்போம். பிள்ளைகளை உடலாலோ மனதாலோ துன்புறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. டீச்சர்களுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

உடம்புதான் முதலில் சொன்னது. ஸ்டாஃப் டாய்லெட் கீழ்த்தளத்தில், என் வகுப்புகள் மூன்றாம் மாடியில். இரண்டு பீரியடுக்கு நடுவில் ஐந்து நிமிஷம்கூடக் கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகினேன். பெண் டீச்சர்கள் பாதிப் பேர் இப்படித்தான் இருப்போம், பேசிக்கொள்ள மாட்டோம். சிறுநீர்த் தொற்று வந்தது, மாத்திரையில் போனது, மறுபடி வந்தது. அப்புறம் குரல் போனது. நாள் பூராவும் ஐம்பது பிள்ளைகளுக்கு மேலே கத்தினால் தொண்டை என்ன இரும்பா? காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" என்று கேட்கக்கூட இல்லை. "எந்த ஸ்கூல்?" என்றுதான் கேட்டார்.

அவர் சொன்னதில் இரண்டு விஷயம் எனக்குப் புதிது. குரல் கம்மியிருக்கும்போது குசுகுசுவென்று பேசுவது ஓய்வு இல்லை, அது குரல் நாணை இன்னும் வருத்தும். தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். பேசினால் மெதுவாக, சாதாரணக் குரலில் பேச வேண்டும். இல்லையென்றால் பேசாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு வகுப்பை அடக்கக் கத்துவதை விட்டேன். போர்டில் ஒரு கணக்கை எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் பேசாமல் நிற்பேன். முதல் பெஞ்ச் அமைதியாகும், பிறகு நடு பெஞ்ச், கடைசி பெஞ்ச் இரண்டு நிமிஷம் கழித்து. பாடத்தில் இரண்டு நிமிஷம் போகும், தொண்டை மிஞ்சும். என் சொந்தக் காசில் இடுப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கர் மைக் ஒன்றும் வாங்கினேன். கோஆர்டினேட்டர் அதைப் பார்த்து, "மிஸ் அரசியல் மீட்டிங்கா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். தண்ணீரைப் பொறுத்தவரை, பக்கத்து வகுப்பு டீச்சரும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மூன்றாம் பீரியட் முடிவில் நான் கீழே போய் வருவேன், அவர் வராந்தாவில் நின்று இரண்டு வகுப்பையும் பார்ப்பார். ஐந்தாம் பீரியட் முடிவில் அவர் போவார், நான் நிற்பேன். இதை யாரிடமும் அனுமதி கேட்டுச் செய்யவில்லை.

ஆனால் என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டை நீட்டிக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள். வீட்டில் ஏதோ பிரச்சினை. எனக்கு அவள்மேல் இரக்கமோ கோபமோ ஒன்றுமே வரவில்லை. 'இந்த வரிசைத் திருத்தம் முடிய இன்னும் பதினைந்து நோட்டு' என்றுதான் மனசு ஓடியது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் பிடிக்கும் என்பதற்காகவே பி.எட். படித்தவள் நான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலையால் வரும் இந்தத் தீய்ந்துபோகும் நிலையை (பர்ன்அவுட்) தன் சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விவரித்திருக்கிறது. அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்கிறது. மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி ஒரு கசப்பு படிவது, நம்மால் எதுவும் உருப்படியாக முடிவதில்லை என்று தோன்றுவது. களைப்பை எல்லோரும் கவனிப்பார்கள். இரண்டாவதைத்தான் கவனிக்கத் தவறுவோம். ஏனென்றால் அது வெளியே 'கண்டிப்பான டீச்சர்' என்று நல்ல பேர் வாங்கிக்கொடுக்கும்.

அந்த வருஷக் கோடை விடுமுறையில் ஒரு முடிவுக்கு வந்தேன். விடுமுறை என்று பேர்; அட்மிஷன் கேன்வாஸுக்கு நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராக எங்களை அனுப்புவார்கள். வெயிலில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த இங்கிலீஷ் மிஸ் சொன்னார்: "அக்கா, இவங்க நம்மள ஒரு நாள் புரிஞ்சுப்பாங்கன்னு நீங்க இன்னும் நம்பறீங்க. அதான் உங்களுக்கு உடம்புக்கு ஆகறதில்ல." அவருக்கு என்னைவிட வயது குறைவு, ஆனால் மூன்று பள்ளி பார்த்தவர். அவர் சொன்னது சரி. நன்றாக உழைத்தால் நிர்வாகம் நம் பக்கம் நிற்கும் என்று காத்திருந்ததுதான் என் சக்தியில் பாதியைக் குடித்தது. அது நடக்காது என்று வைத்துக்கொண்டால், துணையை வேறு எங்கே தேடுவது என்ற கேள்வி வரும். எனக்கு அது மூன்று இடத்தில் கிடைத்தது: எழுத்தில், கூட வேலை செய்பவர்களிடம், பள்ளிக்கு வெளியே.

எழுத்து என்றால் டைரி எழுதுவது இல்லை. வாய்மொழி உத்தரவுதான் இப்படிப்பட்ட பள்ளிகளின் ஆயுதம். திங்கள்கிழமை ஒன்று சொல்வார்கள், வெள்ளிக்கிழமை 'நான் எப்போ சொன்னேன்?' என்பார்கள். அதனால் எதைச் சொன்னாலும் சாயங்காலத்துக்குள் தனிப்பட்ட செய்தியாக ஒரு வரி அனுப்ப ஆரம்பித்தேன். "வணக்கம் மேடம். இன்று சொன்னபடி 9-சி-க்கு இயற்கணிதம் முடித்துவிட்டு அடுத்த வாரம் ரிவிஷன் தொடங்குகிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." புகாரோ கேள்வியோ அதில் இருக்காது. பணிவாக இருக்கும், தேதி இருக்கும். முதல் மாதம் எந்தப் பதிலும் வரவில்லை. அதன் பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது: என்னிடம் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பேசினார்கள்.

'முடியாது' என்ற சொல்லை நான் அங்கே ஒருதடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அது ஒழுங்கீனம் ஆகிவிடும். அதற்குப் பதில் வரிசையை அவர்களையே போடச் சொல்வேன். "சரிங்க மேடம், ஆண்டு விழா டான்ஸ் நான் பாத்துக்கறேன். 10-பி பேப்பரும் இன்னிக்கே முடிக்கணும்னு சார் சொன்னாரு. எது முதல்ல முடிக்கட்டும்?" சில நாள் "ரெண்டும்தான்" என்று பதில் வரும். பல நாள் ஒன்று கழன்றுவிடும். இரண்டும்தான் என்று வரும் நாளில், எது பின்தங்கும் என்பதை மேலே சொன்ன ஒரு வரிச் செய்தியில் போட்டுவிடுவேன்.

பெற்றோர் விஷயம்தான் மனசுக்கு அதிகம் வலித்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா மூன்றாம் பீரியடில் வந்துவிட்டார். என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். பிரின்சிபால் அறையில் பையனும் நின்றுகொண்டிருந்தான். "ஏனுங்க, வருசத்துக்கு இத்தன பணம் கட்டறோம், பையன் 38 வாங்கிட்டு வர்றான். அப்பறம் நீங்க என்னத்தச் சொல்லிக் குடுக்கறீங்க?" பிரின்சிபால் ஏதோ ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "மிஸ், பேரன்டுக்கு ஒரு ஸாரி சொல்லிருங்க" என்றார். சொன்னேன். பையன் செருப்பு நுனியால் டைல்ஸில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் பல வாரம் அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. எனக்கு நடந்த அவமானம் அவனையும் சேர்த்து உட்காரவைத்துவிட்டது.

பிறகு ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டேன். ஒரு பிள்ளைக்கு அரைப் பக்கம். தேர்வு வாரியாக மார்க், எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான், ஹோம்வொர்க் கொண்டுவராத தேதிகள், ஸ்கூல் டைரியில் என்ன எழுதி அனுப்பினேன், வீட்டில் யார் கையெழுத்துப் போட்டார்கள். தினமும் எழுதவில்லை, வாரத்தில் ஒரு நாள், தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும். மார்க் குறைந்த பிள்ளைகள் வீட்டுக்குப் பேரன்ட்ஸ் மீட்டிங் வருமுன்பே நானே போன் செய்தேன். குறை சொல்ல இல்லை. "பையன் பின்னக் கணக்குல கொஞ்சம் தடுமாறறானுங்க, ஆனா ஜாமெட்ரி சுத்தமாப் போடறான்" என்று ஒரு நல்லதும் ஒரு கஷ்டமும் சேர்த்துச் சொல்வேன். கோபத்தோடு வரும் அப்பாக்கள் குறைந்தார்கள்.

அடுத்த முறை ஒருவர் வந்தபோது அந்த நோட்டோடு போனேன். தேதி தேதியாகக் காட்டினேன். டைரியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இது என் கையெழுத்தே இல்லீங்களே" என்றார். பையன் அழ ஆரம்பித்தான். நான்தான் அவனைச் சமாதானப்படுத்தும்படி ஆனது. பிரின்சிபால் அப்போதும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. "சரி, ரெண்டு பேரும் பாத்துக்குங்க" என்று எழுந்து போய்விட்டார். ஸாரி கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் அதுவே பெரிய விஷயம்.

நோட்டுத் திருத்தம் பற்றி வேலைக்கு வந்த புதிதில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். வகுப்புநோட்டு, வீட்டுநோட்டு, கிராஃப், ஜாமெட்ரி என்று ஒரு பிள்ளைக்கே நாலு நோட்டு. எல்லாக் கணக்கையும் திருத்தினால் ஆயுள் போதாது, திருத்தியதைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஒரு பயிற்சிக்கு இரண்டு கணக்கு மட்டும் தேர்ந்தெடுப்பேன். தப்பு எங்கே நடக்கும் என்று தெரிந்த கணக்குகள். அவற்றை வரி வரியாகப் பார்ப்பேன். மற்றதற்கு விடையைப் போர்டில் எழுதிப் போட்டு, பக்கத்துப் பையனோடு நோட்டை மாற்றி டிக் போடச் சொல்லிவிட்டு, நான் மேலாகப் பார்த்துக் கையெழுத்திடுவேன். பத்துப் பேர் ஒரே தப்பைச் செய்திருந்தால் பத்து நோட்டில் சிவப்பு மை எழுதுவது வீண், மறுநாள் அந்தத் தப்பையே போர்டில் போட்டு, "எங்க தப்பு?" என்று கேட்டால் பாடமும் ஆச்சு. ஒரு வகுப்பு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டதில் வீட்டுக்குக் கட்டு தூக்கிவருவது ஏறக்குறைய நின்றது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் அழுத்தத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. இங்கே பாடம் நடத்தும் வேகம் வேறு ரகம்: ஒன்பதாம் வகுப்பு ஜனவரியிலேயே பத்தாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துவிடுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார்கள் என்ற புகாருக்காகவே 2017-18-இல் பதினொன்றுக்கும் அரசுப் பொதுத்தேர்வு வந்தது; 2025-26-இல் அதுவும் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு அப்படி யாரும் காவல் நிற்கவில்லை. தடுமாறும் பிள்ளை இந்த ஓட்டத்தில் முதலிலேயே விழுந்துவிடுவான். 'ஸ்லோ லேர்னர்ஸ் லிஸ்ட்' என்று ஒன்றைக் கொடுத்து, இவர்கள் ஃபெயிலானால் உங்கள் இன்க்ரிமென்ட் இல்லை என்பார்கள்.

நான் அந்தப் பிள்ளைகளுக்கு எட்டுப் பாடத்தையும் திணிக்கவில்லை. வினாத்தாள் அமைப்பே வழி சொல்கிறது. கணக்கில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16. இந்த 30-க்கும் பெரிய சூத்திரம் தேவையில்லை; கை பழகினால் போதும். தேர்ச்சிக்கு வேண்டியது 35. மிச்சத்துக்கு உறவுகளும் சார்புகளும், புள்ளியியல் பாடங்களிலிருந்து சில இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் கணக்குகள். டிசம்பரிலிருந்து தினமும் ஒரு தொடுகோடு அல்லது ஒரு வடிவொத்த முக்கோணம் வரைவது, வாரத்தில் மூன்று கிராஃப். கூர்மையான பென்சிலும் உடையாத காம்பஸும் இருக்கிறதா என்று பார்ப்பதே பாதி வேலை. படம் சரியாக வந்துவிட்டால் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வரும் தெளிச்சி வேறு. அவர்களோடு இருந்த அரை மணி நேரம்தான் அந்த நாளில் எனக்கும் நன்றாகப் போன நேரம். நிர்வாகம் அதை ரிசல்ட் வேலை என்று கணக்கு வைத்தது. எனக்கு அது வைத்தியம்.

கூட வேலை செய்பவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். எந்த ஸ்டாஃப் ரூமிலும் போட்டுக்கொடுப்பவர் ஒருவர் இருப்பார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அவருக்குத் துணையாகக் கேமராவும் இருந்தது. எல்லோரிடமும் புலம்பாதீர்கள். நம்பகமான இரண்டு மூன்று பேர் போதும். நாங்கள் நால்வர் சப்ஸ்டிடியூஷனை எங்களுக்குள் மாற்றிக்கொண்டோம், கேள்வித்தாள்களைப் பகிர்ந்து எடுத்தோம், ஒருவர் மெமோ வாங்கினால் பதில் எழுதுவதற்கு மற்றவர்கள் கூட உட்கார்ந்தோம். மெமோவுக்குப் பதில் எழுதும்போது கோபத்தையும் கண்ணீரையும் எடுத்துவிட வேண்டும். நடந்தது, தேதி, நான் செய்தது, இவ்வளவுதான். சம்பளம் தள்ளிப்போன ஒரு மாதம், தமிழய்யா தலைமையில் சேர்ந்து போய்க் கேட்டோம். தனியாகப் போனால் 'உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?' என்று வரும் கேள்வி, கும்பலாகப் போனபோது வரவில்லை.

வீட்டில் ஒரே ஒரு விதி வைத்தேன்: ராத்திரி எட்டரைக்கு மேல் பள்ளிக் குழுவைத் திறப்பதில்லை. போனை அணைக்கவில்லை, குழுவை மட்டும் சத்தமில்லாமல் வைத்தேன். 'ஓகே மேடம்' காலை ஆறு மணிக்குப் போடுவேன். இரண்டு முறை கேட்டார்கள். "குழந்தைக்குப் பாடம் சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன் மேடம்" என்றேன். பொய்யில்லை.

இதெல்லாம் செய்தும் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிற்றைப் பிசையும். தூக்கம் கெட்டது. வீட்டுக்காரர், "விட்டுத் தள்ளு, எல்லா எடத்துலயும் இப்படித்தான்" என்பார். நல்ல மனசுதான், ஆனால் உதவாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு ஒரு ராத்திரி கூப்பிட்டேன். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்தப் பக்கம் இருந்தவர் அறிவுரை சொல்லவில்லை. எப்போதிருந்து தூக்கமில்லை, சாப்பாடு எப்படி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேட்டார். யாராவது இப்படி நேராகக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது என்று தோன்றியது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றார். பார்த்தேன். கொஞ்ச நாள் மாத்திரை. டீச்சருக்கு மனநல ஓபி சீட்டா என்று கூச்சமாக இருந்தால், ஒன்று சொல்கிறேன்: அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரும் டீச்சர்தான்.

விலகுவதைப் பற்றிக் கடைசியில் யோசிக்கக் கூடாது. சேர்ந்த அன்றே அதற்கான காகிதங்கள் பத்திரமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பல பள்ளிகளில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள். கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால் பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். பிஎஃப் பிடித்தால் அந்தக் கணக்குக்கான யுஏஎன் எண்ணை இயக்கத்தில் வைத்து, அரசின் உமங் செயலியில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கணக்கில் கட்டாத கதைகள் ஸ்டாஃப் ரூமில் ஏராளம். வேலையை விட்ட பிறகு பள்ளி விலகல் தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே இணையதளத்தில் பதியலாம்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனியார் பள்ளிக்குக் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. பணிக்கொடைச் சட்டத்தில் 2009-இல் வந்த திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பொதுவாக ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் சேர்த்து 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருஷக் கணக்கால் பெருக்கினால் வருவது நம் பணம். 18,000 ரூபாய் சம்பளத்தில் ஆறு வருஷம் என்றால் 62,000-க்குச் சற்று மேலே. கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது, கேட்டும் இழுத்தடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுப் போடலாம். நான் கேட்டேன். தவணை தவணையாக வந்தது.

நடுவருஷத்தில் விடவில்லை. பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அது போக, அப்படி விட்டால் சான்றிதழைப் பிடித்துவைக்கவும் காரணம் கிடைத்துவிடும். தேர்வு முடிந்த பிறகு ராஜினாமாக் கடிதம் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் கேட்டேன். ஆபீஸில் முத்திரை போட மறுத்தார்கள். அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் கூப்பிட்டு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். கடிதத்தில் குறை எதுவும் எழுதவில்லை. சொந்தக் காரணம், நன்றி, கடைசி வேலை நாள், திரும்பத் தர வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல், பணி அனுபவச் சான்று கோரிக்கை. எழுதித் தீர்க்க வேண்டிய கோபத்தை வேறு தாளில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த பள்ளி தேடும்போது இன்டர்வியூவில் நானும் கேள்வி கேட்டேன். வாரத்துக்கு எத்தனை பீரியட், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஒரிஜினல் வாங்குவீர்களா, மே மாதச் சம்பளம் உண்டா, கேன்வாஸுக்குப் போக வேண்டுமா? ஒரு பள்ளியில் இந்தக் கேள்விகளுக்கே முகம் மாறியது. அங்கிருந்து எழுந்து வர எனக்கு ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. இன்னொன்று: பள்ளிக்குள் போகுமுன் கேட் வாட்ச்மேனிடமோ வேன் டிரைவரிடமோ, "இங்க டீச்சருங்க எத்தன வருசமா இருக்காங்க?" என்று பேச்சுக்கொடுங்கள். வருஷா வருஷம் புது முகமா, பழைய ஆட்களா என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இப்போது இருக்கும் பள்ளி சின்னது, சம்பளம் முன்னைவிட இரண்டாயிரம் குறைவு. வேன் டிரைவர் சொன்னபடி சயின்ஸ் டீச்சர் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். இங்கேயும் மீட்டிங் உண்டு, மார்க் லிஸ்ட் உண்டு, கோபக்கார அப்பாக்கள் உண்டு. லாங் சைஸ் நோட்டை இங்கேயும் போட்டிருக்கிறேன். முதல் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஒரு அம்மா சத்தம் போட ஆரம்பித்ததும் ஹெச்.எம். எழுந்து வந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா, ரெண்டு பேருமே கேக்கறோம்" என்றார்.